கூடை இறக்கி வைத்த பிறகு பத்து நிமிடம்



மாலை நேரத்தில் ரிங்லெட் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று போகும். அதன் பின்னாலேயே தக்காளிக் கூடைகள், அதற்கும் பின்னால் சலாட் இலை, வெங்காயத்தாள், குடமிளகாய். எல்லாம் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலை இறங்கி, கோலாலம்பூர்ச் சந்தைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அதே நேரத்தில் நமது லயத்துக்குள் நுழைந்து, ஒரு வீட்டில் சோற்றுத் தட்டை எட்டிப் பாருங்கள். வெள்ளைச் சோறு, டின் மீன் குழம்பு, பொரித்த முட்டை, ஓரத்தில் கொஞ்சம் கருவாடு. "மரக்கறி எங்கேக்கா?" என்று கேட்டால், "குழம்புல ரெண்டு உருளைக்கெழங்கு போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று பதில் வரும்.

உருளைக்கிழங்கு மண்ணில் விளைவதுதான். ஆனால் உடம்புக்குள் போனால் அது சோற்றுக்குத் தம்பி. இரண்டும் மாவுச்சத்து. மரக்கறிக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. நாடு முழுவதுக்கும் காய்கறி அனுப்புகிற மலையில் குடியிருந்துகொண்டு, நம் தட்டில் ஒரு பிடி பச்சை இல்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். நியாயமா இது?

இதற்குத் தாய்மார்களை மட்டும் குறை சொல்வது தகாது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மலைச்சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறித்து, முதுகு நோகத் திரும்பி வருகிறவளிடம் போய் "கூட்டு வை, பொரியல் வை, அவியல் வை" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் இந்த மாதம் அடுப்பே பற்ற வைக்க வேண்டாத பச்சடிகளையும், பற்ற வைத்தாலும் பத்து நிமிடத்தில் முடிகிற துணைக்கறிகளையும் பற்றிப் பேசப் போகிறேன். கூடையைத் தோளிலிருந்து இறக்குகிறவர்களுக்கும், இப்போது இயந்திரக் கத்திரி பிடித்து மூட்டையில் கொழுந்து கட்டுகிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டுக் காய்கறிப் பண்ணைக்கும் கடைக்கும் வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தவர்கள் 100 பேரில் 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று தெரிய வந்தது. அதே ஆய்வில் இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் 100-க்கு 18 பேர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர்! மூன்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி சாப்பிடாததுதான் இதற்கு ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரை உண்டு, உடல் பருமன் உண்டு, மூன்று வேளையும் மலையாகக் குவிக்கும் சோறும் உண்டு, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் உண்டு. ஆனால் தட்டில் காய்கறி ஏறினால் சோறு தானாக இறங்கும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரிய அளவாகத் தோன்றும். நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்றும் தக்காளி இரண்டும் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்த எடை வந்துவிடும். நிறுக்கத் தராசு இல்லையென்றால், சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" முறையைப் பின்பற்றலாம். தட்டைக் கண்ணால் நாலாகப் பிரியுங்கள். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பில் ஏதாவது ஒன்று, மீதி அரைத் தட்டும் காய்கறி, பழம். நம் வீடுகளில் அந்த அரைத் தட்டைச் சோறு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் பச்சடியையும் மீனையும் தின்றுவிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுங்கள். இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. இதற்குக் காசு செலவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"பச்சடி, சலாட் எல்லாம் வெயில் காலத்துச் சாப்பாடாச்சே, இந்தக் குளிருக்கு ஒத்துக்குமா?" என்று வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி கேட்பார். கேமரனில் ஏது கோடை என்கிறீர்களா? மழை விட்ட மாதங்களில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குத் தேயிலைச் சரிவில் நிழல் இல்லாமல் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். காற்று குளிரும், வெயில் சுடும், வேர்வை தெரியாமலே உடம்பு வற்றிப்போகும். வெள்ளரிக்காயில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். தக்காளியும் அப்படித்தான். பச்சைக் காய் தின்றால் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு சாப்பிடப் பிடிக்காவிட்டால், வெளியே வைத்துக் குளிர் போனபிறகு சாப்பிடுங்கள்.

தேத்தண்ணியும் இரத்தமும்

பச்சடி செய்முறைக்குப் போகும் முன் ஒரு கதை. கதை என்ன, கண்ணால் கண்டது.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு அக்கா. மலையேறினால் மூச்சு வாங்கும், நின்றால் தலை சுற்றும். கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்து, இரத்த சோகை என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டார். மறுபடி சோதித்தால் இரத்தம் ஏறவே இல்லை. "மருந்து சரியில்லை, எல்லாம் தண்டம்" என்று அலுத்துக்கொண்டார். எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "வேறெதோட? காலையில பசியாறிட்டு, டின் பால் ஊத்தின தேத்தண்ணியிலதான்!"

அங்கேதான் சங்கதி இருந்தது. தேயிலையில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. நாவை இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். இந்தத் துவர்ப்பு, உணவில் உள்ள இரும்புச் சத்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்து, சாப்பாட்டோடு ஒரு குவளை கெட்டித் தேத்தண்ணி குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகிவிடுகிறது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அதே வேலையைச் செய்யும். நாம் பறித்த கொழுந்து நம் இரத்தத்திலேயே கை வைக்கிறது!

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். நானும் குடிக்கிறவன்தான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். மாத்திரைக்கும் அதே கணக்கு.

தேத்தண்ணி தடுப்பதை எலுமிச்சை திறந்துவிடும். புளிப்பான பழத்திலும் பச்சைக் காயிலும் உள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ளத் துணை செய்கிறது. இந்த வைட்டமின் சூட்டுக்கு அஞ்சும், தண்ணீரில் கரையும். நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் வேகவைத்து, அந்த நீரையும் கொட்டிவிட்டால் மிஞ்சுவது சக்கைதான். ஆகவேதான் தினம் ஒரு வேளையாவது பச்சையாக ஒரு காய் தட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். கீரைக்குப் பக்கத்தில் தக்காளிப் பச்சடி, பருப்புக்குப் பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த கோஸ், சாப்பிட்டு முடிந்ததும் ஒரு துண்டு கொய்யா. கொய்யாவில் ஆரஞ்சுப் பழத்தைவிட வைட்டமின் சி மிக அதிகம், விலையோ குறைவு.

அந்த அக்கா மாத்திரையை வெறும் தண்ணீரில் சாப்பிடத் தொடங்கினார், தேத்தண்ணியைப் பத்து மணிக்குத் தள்ளிப் போட்டார், பூச்சி மருந்தும் எடுத்துக்கொண்டார். அடுத்த சோதனையில் இரத்தம் ஏறியிருந்தது. எதனால் எவ்வளவு ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு மலையேறும்போது எனக்கு முன்னால் போகிறார்.

கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்

பச்சையாகச் சாப்பிடுவது என்றால் கழுவுவதில் சோம்பல் கூடாது. கேமரன் காய்கறியில் மருந்து அதிகம் என்று கீழ்நாட்டில் பேசிக்கொள்கிறார்கள். பண்ணையில் மருந்து அடிப்பதை நாம் நேரிலேயே பார்க்கிறோம், பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயந்து காய்கறியை விடுவது வியாதியை விலைக்கு வாங்குவது. செய்ய வேண்டியது இதுதான்: கோஸின் வெளி இலை மூன்று நான்கை உரித்து எறிந்துவிடுங்கள். இலை இலையாகப் பிரித்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளரியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சந்தேகம் இருந்தால் தோலைச் சீவிவிடுங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், சத்தும் சேர்ந்து ஓடிவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊற வை, மஞ்சள் தண்ணீரில் ஊற வை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஆப்பிள் பழத்தை வைத்துச் செய்த ஒரு சோதனையில், ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தபோது தோலின் மேல் படிந்த இரண்டு வகை மருந்துகள், வெறும் தண்ணீரில் கழுவியதைவிட நன்றாகப் போயின. தோலுக்குள் ஊறிப்போனது போகவில்லை. எனவே ஒரு பேசின் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சோடா போட்டு ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது தவறில்லை. துணி சோப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டவே வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு எடுக்கும் லயங்களில், கடைசியாக அலசும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

வேலைக்காட்டின் ஓரத்தில் கீரை பறிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. குப்பைக்கீரை, மணத்தக்காளி, வல்லாரை எல்லாம் கிடைக்கும், இலவசம். ஆனால் அந்த வரப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். மருந்து தெளித்த நம் பெண்கள் பட்ட பாட்டை மறக்க முடியாத பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் தடை. அது போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி வல்லாரை நட்டுக்கொள்வது உத்தமம். கிள்ளி நட்டால் தானே படரும்.

வாட்டர்கிரஸ் கீரைக்குத் தனி எச்சரிக்கை. நம் மலையின் குளிர்ந்த ஓடைகளில் செழித்து வளரும் அருமையான கீரை அது. ஆனால் ஆடு மாடு இறங்கும் ஓடையில் வளர்ந்ததென்றால், ஈரலில் குடியேறும் ஒருவகைத் தட்டைப் புழுவின் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது, கொதிக்க வைத்தால் சாகும். ஆகவே ஓடைக் கீரையைச் சூப்பாகக் குடியுங்கள். பூண்டு நாலு பல், இஞ்சி ஒரு துண்டு, மிளகு பத்து தட்டிப்போட்டு, கொதிக்கும் தண்ணீரில் கீரையைப் போட்டு ஐந்து நிமிடம். குளிருக்கு இதமாக இருக்கும்.

இனி கத்தியை எடுங்கள்

வேலை விட்டு வந்ததும் முதல் காரியம், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் கழுவித் தண்ணீரில் போடுவது. பிறகு குளிக்கப் போங்கள். குளித்துத் தலை துவட்டி, விளக்கேற்றி முடிப்பதற்குள் பருப்பு நகத்தால் கிள்ளினால் உடைகிற பதத்துக்கு வந்திருக்கும். கால் முட்டைக்கோஸை நூல் நூலாக அரியுங்கள், ஒரு கேரட்டைத் துருவுங்கள். (நம் சந்தையில் விற்கும் கேரட்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலேறி வருவது. காய்கறி மலையில் இதுவும் ஒரு வேடிக்கை.) வடித்த பருப்பு, ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, இருந்தால் இரண்டு கரண்டி தேங்காய்ப்பூ சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழியுங்கள். கோசுமல்லி ஆயிற்று. நாலு பேருக்குத் தாராளம்.

அந்த ஒரு கரண்டி எண்ணெயை வீண் என்று நினைக்காதீர்கள். கேரட்டின் ஆரஞ்சு நிறத்தில் உள்ள சத்து கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக மாறுவது, கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஊறினால்தான். நம் பாட்டிமார் தாளித்துக் கொட்டியது வாசனைக்கு மட்டுமல்ல போலும்.

பருப்பை வேகவைக்காமல் ஊறவைப்பதில் நமக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேலே உள்ளது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 95 பாகையிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வந்தால் "என்னா இது, உங்க ஊர்ல பருப்பே வேக மாட்டேங்குது" என்று திகைப்பது இதனால்தான். மூடிய பிரஷர் குக்கர் இல்லாதவர்களுக்குக் கேஸ் தீர்ந்துகொண்டே இருக்கும். ஊறவைத்த பருப்புக்கு அந்தச் செலவு இல்லை.

முளைகட்டிய பாசிப்பயறு கேட்கவே வேண்டாம். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி, முளை விடும்போது உண்டாகிறது. ஆனால் ஈரமும் கதகதப்பும் முளைக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகச் சாப்பிட்டதால் பரவிய குடல் நோயில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். எனவே வீட்டில் முளைகட்டிய பயறானாலும் கடையில் வாங்கும் தவுகேயானாலும், நன்றாகச் சூடேறும்வரை ஆவியில் வேகவைத்துவிட்டு எலுமிச்சையும் வெங்காயமும் சேருங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெள்ளரிப் பச்சடி எல்லோருக்கும் தெரிந்ததே. தயிர் புளிக்காமல் இருக்கட்டும், உப்பைச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள், இல்லையேல் நீர் விட்டுக்கொள்ளும். சீரகம் கால் கரண்டி வறுத்து நுணுக்கிப் போட்டால் வாசனையே வேறு. தயிர் வாங்க வசதிப்படாத வாரத்தில் வெள்ளரி, அன்னாசி, பெரிய வெங்காயம் மூன்றையும் நறுக்கி, ஒரு சிவப்பு மிளகாய், இரண்டு கரண்டி வினிகர் ஊற்றிக் கலந்தால் விருந்து வீட்டு அச்சார் மாதிரி இருக்கும். சீனி போட வேண்டாம், அன்னாசியின் இனிப்பு போதும்.

மலாய்க்காரச் சகோதரிகள் உலாம் என்று வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். பெகாகா இலை, கச்சாங் போத்தோல், வெள்ளரி எல்லாவற்றையும் பச்சையாகவே அடுக்கி, பக்கத்தில் சம்பால் வைத்துத் தொட்டுத் தொட்டுத் தின்பார்கள். அந்தப் பெகாகாதான் நம் வல்லாரை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நம் உறவுகள் இதே இலையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, எலுமிச்சை சேர்த்து வல்லாரைச் சம்பல் என்று சோற்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தேயிலை, ஒரே இலை, நடுவில் கடல். நாம் என்னவோ வல்லாரையைப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி மருந்தென்று சொல்லிச் சொல்லியே சாப்பாட்டிலிருந்து தள்ளிவிட்டோம். சம்பல் செய்து பாருங்கள். உலாமுக்குத் தொட்டுக்கொள்ளும் பிளாச்சான் சம்பாலில் மட்டும் அளவு தேவை, அதில் உப்பு ஏராளம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நினைவில் வையுங்கள்.

அடுத்து, சௌசௌ. இந்த மலையில் வேலியில் ஏற்றிவிட்டால் கேட்பாரில்லாமல் காய்க்கிற காய். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மேரக்காய் என்பார்கள். பிறந்த நாடு மெக்சிகோ என்றாலும் குளிர்ந்த மலை எங்கிருந்தாலும் அதற்குச் சொந்த ஊர்தான். பிஞ்சாகப் பறித்து, தோல் சீவி, தீக்குச்சி போல நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பச்சையாகவே தின்னலாம், வெள்ளரி போலவே மொறுமொறுவென்று இருக்கும். சீவும்போது கையில் பிசின் பிசுபிசுக்கும், கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தோலை எறியாதீர்கள். உளுந்து, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். கொடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளி, பூண்டு போட்டுக் கிளறினால் கீரை. கொழுந்து கிள்ளுவதற்கு உங்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லையே!

டின் மீனை நான் ஆரம்பத்தில் வம்புக்கு இழுத்தேன். உண்மையில் அது கெட்ட சாமானில்லை. முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது, மீன் கொழுப்பும் நல்லது. அதைக் குழம்பாக்கி இரண்டு தட்டுச் சோற்றை உள்ளே தள்ளுவதில்தான் தகராறு. ஒரு நாள் இப்படிச் செய்யுங்கள். டின் சாஸை வடித்துவிட்டு மீனை மட்டும் உதிர்த்து, பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, வெள்ளரி பாதி, பச்சை மிளகாய் இரண்டு எல்லாம் பொடியாக அரிந்து, எலுமிச்சை ஒன்று முழுசாகப் பிழிந்து கலந்துவிடுங்கள். அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஒரு டின் மீன் ஐந்து பேருக்குக் காணும். சலாட் இலையில் சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் விளையாட்டாகத் தின்றுவிடும்.

பிள்ளைகள் என்றதும் மெகி மீ ஞாபகம் வருகிறது. ஒரு பொட்டலம் மீயில் ஒரு நாளைக்கு வேண்டிய உப்பில் பாதியளவு வந்துவிடும். "அதத்தான் திங்குது, என்ன செய்யறது?" என்று சொல்லும் தாய்மார்களே, ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. தூளில் பாதியைப் போடுங்கள், கோஸும் சாவியும் இரண்டு பிடி அரிந்து போடுங்கள், ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். பிறகு, காய்கறியை நறுக்குகிற வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை பிழிய ஒருவன், மல்லி கிள்ள ஒருத்தி. தான் செய்ததைப் பிள்ளை தின்னாமல் விடாது. வீட்டு ஆண்களும் கத்தி பிடிக்கலாம், சங்கம் அதற்குத் தடை போடவில்லை.

செலவு பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் மினுமினுவென்று அடுக்கிய தக்காளிக்கும், பக்கத்தில் கூடையில் கொட்டிக் கிடக்கும் கோணல் மாணல் தக்காளிக்கும் சத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நசுங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் மட்டும் ஒதுக்குங்கள். பண்ணையில் வேலை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் லாரிக்குத் தேறாததைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கீரையையும் பச்சைக் காயையும் திடீரென்று கூட்டுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேலைக்காட்டுக்குக் கட்டிப் போகிறவர்களுக்கு. காலையில் கலந்த பச்சடி மதியத்துக்குள் குழைந்துவிடும். நறுக்கிய காயை ஈரம் போகத் துடைத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், உப்பைக் காகிதத்தில் தனியாக மடித்துக்கொள்ளுங்கள், எலுமிச்சையை முழுசாகவே பையில் போடுங்கள். தயிர் போட்டதை வெயிலில் நாலு மணி நேரம் வைத்துத் தின்ன வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் பிழிந்து, உப்புத் தூவி, மூடியைப் போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கினால் சரி. பிளாஸ்க்கில் இருக்கும் தேத்தண்ணி ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.